டிராக்குக்குள் நாய் வந்தால்? கோ-கார்ட் ஓட்ட வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவைக்கு வெளியே, ஒரு பக்கம் சோளக்காடும் மறுபக்கம் கோழிப்பண்ணையும் இருக்கிற, வாடகைக்கு கோ-கார்ட் (தரையை ஒட்டி ஓடும் சின்னத் திறந்த பந்தய வண்டி) விடும் டிராக் ஒன்றில் ஒன்பது வருடம் கொடி பிடித்திருக்கிறேன். ஓட்டுவதற்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்து ஐந்து நிமிடம் பேசுவோம். அந்த ஐந்து நிமிடமும் பாதிப் பேர் ஹெல்மெட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். சந்தேகமெல்லாம் ஓட்டி முடித்து டீ குடிக்கும்போதுதான் வரும். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். வேகமாக ஓட்டுவது எப்படி என்று இதில் ஒன்றும் இல்லை. தடத்தில் இருக்கக் கூடாதது இருந்தால் என்ன செய்வது என்பது மட்டும்தான்.

"சுத்தி வேலி போட்டிருக்கே, அப்புறம் நாய் எப்படிங்க உள்ள வருது?"

வேலி ஆளைத் தடுக்கப் போட்டது. நாய்க்கு அதன் அடியில் ஒரு சாண் மண்ணைப் பறித்தால் போதும். கீரிக்கும் பூனைக்கும் அந்த வேலைகூட இல்லை. மழைத்தண்ணீர் வெளியேற விட்ட வழிதான் பாதி உயிர்களுக்கு வாசல். அதில் கம்பி வலை அடித்தோம். அடுத்த மழையில் குப்பை அடைத்துக்கொண்டு டிராக்கே குளமானது. எடுத்துவிட்டோம்.

உள்ளே வரக் காரணமும் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகும் தார்த்தரை சூட்டை விடாது. மார்கழி, தை மாதங்களில் அந்தச் சூட்டுக்காகவே நாய் வந்து படுக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் வீசுகிற பப்ஸ் துண்டு இன்னொரு காரணம். பெட்ரோல் கார்ட் எட்டு சேர்ந்து ஓடும்போது அந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் எதுவும் கிட்டே வராது. ஒரு ஓட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிதான் ஆபத்தான நேரம். மின்சார கார்ட் வைத்திருக்கும் இடங்களில் அந்தச் சத்தப் பாதுகாப்பும் கிடையாது.

"நான் ஓட்டிட்டு இருக்கேன், நாய் குறுக்க வந்துடுச்சு. அந்த நொடியில என்ன பண்ணணும்?"

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு பிரேக்கை அழுத்துங்கள். வேகம் நன்றாகக் குறைந்ததும் ஒரு கையை மேலே தூக்குங்கள், பின்னால் வருபவருக்குத் தெரியட்டும். அவ்வளவுதான். இரண்டு பெடலையும் சேர்த்து மிதிக்காதீர்கள். பதற்றத்தில் பத்துப் பேரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு பக்கம் எஞ்சின் இழுக்கும், ஒரு பக்கம் பிரேக் பிடிக்கும், வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது.

கொஞ்சம் கணக்குப் பார்த்தால் இது புரியும். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் போகிறீர்கள். கண் பார்த்ததைக் கால் செய்வதற்குள் ஒரு நொடி ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு காய்ந்த தரையில் இன்னொரு 15 மீட்டராவது வேண்டும். ஆக, 30 மீட்டருக்குள் நாய் வந்தால் முழுதாக நிறுத்துவது நடக்காத காரியம். ஆனால் 50 என்பது 20 ஆகியிருக்கும், அதற்குள் நாயும் நகர்ந்திருக்கும். கொஞ்சம் திருப்பியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வேகம் குறைந்த பிறகு, நாய் வந்த பக்கமாக, அதன் வாலுக்குப் பின்னால் போகிற மாதிரித் திருப்புங்கள். முன்னால் போய் முந்தப் பார்க்காதீர்கள்.

"அதுக்குப் பதிலா வெடுக்குன்னு ஒடிச்சுட்டா நாயும் தப்பிக்கும், நானும் தப்பிப்பேனே?"

நாய் தப்பித்துவிடும். உங்களைப் பற்றித்தான் கவலை. காரில் பழகிய கை இது. காரில் சஸ்பென்ஷன் இருக்கிறது, நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது, திரும்பும்போது பின்சக்கரம் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற டிஃபரன்ஷியல் இருக்கிறது. வாடகை கார்ட்டில் இந்த மூன்றுமே கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பூட்டியவை; பிரேக்கும் அந்தத் தண்டுக்கு மட்டும்தான். பிரேக்கை மிதித்தபடி ஸ்டியரிங்கை ஒடித்தால் பின்பக்கம் பூட்டிக்கொண்டு வண்டி பம்பரமாகச் சுற்றும். சுற்றும் கார்ட் எந்தப் பக்கம் போகும் என்பது அதற்கே தெரியாது.

எங்கள் டிராக்கில் ஒரு தம்பி பூனைக்காக ஒடித்தான். நல்ல மனசு. டயர் சுவரில் பக்கவாட்டாகப் போய் மோதியதில் மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் கட்டு. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அந்தப் பூனை அதே டயர் சுவரின் மேல் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"நாய் துரத்துனா? ரோட்டுல பைக்கைத் துரத்துமே, அந்த மாதிரி?"

துரத்தும். பைக்கில் உங்கள் கால்தான் அதற்கு எட்டும். கார்ட்டில் உங்கள் முகமே அதன் உயரத்தில் இருக்கிறது. உட்கார்ந்த நிலையில் கண் தரையிலிருந்து இரண்டரை அடிகூட இருக்காது. அதனால் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியான வைசரைத் திறந்து வைத்து ஓட்டாதீர்கள். கையையோ காலையோ வெளியே நீட்டி விரட்டாதீர்கள். படிப்படியாக வேகத்தைக் குறையுங்கள். ஓடுகிற பொருள் ஓடாமல் நின்றால் பெரும்பாலான நாய்களுக்கு அதில் சுவாரசியம் போய்விடும். மற்றதைக் கொடி பிடிக்கும் மார்ஷல் பார்த்துக்கொள்வார்.

பல் பட்டுவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். மஞ்சள் வைத்துக் கட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம். மீதி ஊசிகளுக்கும் சொன்ன தேதியில் போங்கள். முதல் ஊசியோடு நிறுத்திவிடுபவர்களைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

"மஞ்சக் கொடி காட்டுனீங்க. நான் வர்றதுக்குள்ள நாய் ஓடிப்போச்சு. அப்புறம் எதுக்கு மெதுவா போகணும்?"

அது ஓடிப்போனது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பார்த்தது உங்கள் கண் மட்டத்திலிருந்து. டயர் சுவருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. நாய் போன வழியே திரும்பி வரும். ஒன்று வந்தால் பின்னால் இன்னொன்று வரும். மஞ்சள் என்றால் வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே, நிற்கவும் தயாராக இரு. பச்சை காட்டும் வரை அதுதான். மஞ்சளில் செங்குத்தாகச் சிவப்புப் பட்டை போட்ட கொடி வேறு: தரை வழுக்குகிறது என்று அர்த்தம், எண்ணெயோ தண்ணீரோ மண்ணோ இருக்கலாம்.

சிவப்பு என்றால் ஓட்டம் முடிந்தது. எப்படி நிற்க வேண்டும் என்பது டிராக்குக்கு டிராக் மாறும். சில இடங்களில் மெதுவாகப் பிட்டுக்கு, அதாவது வண்டி ஏறி இறங்கும் இடத்துக்கு, வரச் சொல்வார்கள். எங்களிடம் ஓரமாக நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடப் பேச்சில் இந்த ஒன்றையாவது காதில் வாங்குங்கள்.

"பெரிய பெரிய ரேஸ்லகூட இப்படி நடக்குமா?"

நடக்கும். 2011-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நொய்டா பக்கத்து புத் சர்க்யூட்டில் நடந்தபோது முதல் பயிற்சி ஓட்டத்திலேயே தெருநாய் ஒன்று தடத்துக்குள் ஓடி, சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார்கள். நம் ஊர் ஆள் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய பந்தயம் அது. மறுநாள் பத்திரிகையில் நாய்க்குக் கிடைத்த இடம் கொஞ்சநஞ்சமல்ல. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்திலும் ஒரு நாய் தடத்தைப் பார்த்துவிட்டுப் போனது.

நம் நாட்டுக்கு மட்டும் வாய்த்தது என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் உடும்பு இனப் பல்லி அடிக்கடி வரும். 2016-ல் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் அதைப் பார்த்துவிட்டு, தடத்தில் ராட்சதப் பல்லி இருக்கிறது என்று ரேடியோவில் சொன்னார். 2018-ல் மான்ட்ரியலில் ரொமேன் க்ரோஷானின் கார் கிரவுண்ட்ஹாக் என்கிற பெருச்சாளி மாதிரியான பிராணியை மோதி முன்சிறகை உடைத்துக்கொண்டது. 2008-ல் இஸ்தான்புல்லில், ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த நிலையான ஜிபி2 பந்தயத்தில் புருனோ சென்னா நாயை மோதிப் பந்தயத்தையே இழந்தார். சிரிக்க முடியாததும் உண்டு: 2006-ல் அமெரிக்காவின் ரோட் அமெரிக்கா தடத்தில் சோதனை ஓட்டத்தின்போது கிறிஸ்டியானோ ட மாட்டா ஒரு மானை மோதினார். தலையில் அடிபட்டு, மூளையில் ரத்தக் கசிவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்து எழுந்தார். உடம்பின் பாதி வெளியே தெரிய உட்கார்ந்து ஓட்டும் எந்த வண்டியிலும் மிருகம் மோதினால் அது உங்கள் மேல் வரும். கார்ட்டும் அந்த ஜாதிதான்.

"நாய்க்குட்டிங்க பாவம். இறங்கித் தூக்கி ஓரமா விட்டுட்டு வந்துடலாமா?"

கூடாது. இதில் மட்டும் நான் கோபப்படுவேன். நின்ற கார்ட்டில் உட்கார்ந்திருந்தால் உங்களைச் சுற்றி பம்பர் இருக்கிறது. இறங்கிக் குனிந்து நிற்கும் ஆளுக்கு என்ன இருக்கிறது? பின்னால் வருபவர் வளைவைத் தாண்டும் வரை உங்களைப் பார்க்கவே மாட்டார். மேலே போட்ட 30 மீட்டர் கணக்கு அவருக்கும்தான். நாய்க்குட்டி இருக்கும் இடத்தில் தாய் நாயும் பக்கத்தில் இருக்கும் என்பது வேறு.

கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். ஓட்டத்தை நிறுத்திவிட்டு நாங்கள் தூக்குவோம். உங்கள் நேரம் போனால் சேர்த்துத் தருவோம். தராத டிராக்காக இருந்தால் சண்டை போடுங்கள், அது நியாயமான சண்டை.

"மயில் நிறைய இருக்கே இங்க. அதுவும் வருமா?"

கோவைப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்காத உள்ளூர்க்காரர் இல்லை. வரும். விடியற்காலையிலும் அடையப் போகும் அந்தி நேரத்திலும் அதிகம். நாய் மாதிரி ஓடித் தப்பிக்காது. கடைசி நொடி வரை நின்று பார்த்துவிட்டு உங்கள் தலை உயரத்தில் எழும்பிப் பறக்கும். ஆண் மயில் நாலைந்து கிலோ எடை. ஹெல்மெட்டில் அந்த எடை வந்து மோதுவதை நினைத்துப் பாருங்கள். 1960 பெல்ஜியம் கிராண்ட் ப்ரீயில் ஆலன் ஸ்டேசி என்ற பிரிட்டிஷ் ஓட்டுநர் முகத்தில் பறவை மோதித்தான் கட்டுப்பாட்டை இழந்து இறந்தார்.

மயிலைப் பார்த்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள், பக்கத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நாங்களும் கல்லெறிவது கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது. தகரத்தைத் தட்டி ஓட்டுவோம். தோகை இறகு தடத்தில் கிடந்தால் எடுக்க நிறுத்தாதீர்கள். நிறுத்தியிருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

"பாம்பு?"

தடத்தின் நடுவில் பாம்பு கிடப்பது அபூர்வம். வண்டி அதிர்வுக்கு அதுவே போய்விடும். அது இருக்குமிடம் டயர் சுவர். பழைய டயருக்குள் மழைத்தண்ணீர் நிற்கும், தவளை வரும், எலி வரும், பிறகு சாரை வரும். நாகமும் வந்திருக்கிறது. காலையில் திறந்ததும் நாங்கள் ஒரு சுற்று நடந்து, கம்பால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பது அதற்காகத்தான். அதைப் பார்த்து என்ன பூஜையா என்று ஒருவர் கேட்டார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: சுற்றிப்போய் டயர் சுவரில் சொருகி நின்றால், கையால் டயரைத் தள்ளி வண்டியை விடுவிக்கப் பார்க்காதீர்கள். காத்திருங்கள். தடத்திலேயே பாம்பைக் கண்டால் தள்ளியே வண்டியை நிறுத்தி, உட்கார்ந்தபடி கையைத் தூக்குங்கள். ஏற்றிவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் வேண்டாம். கார்ட்டின் அடிப்பாகம் தரையிலிருந்து ஓரிரு அங்குலம்தான், பாம்பு சுருண்டு உள்ளே மாட்டிக்கொண்டால் உங்கள் காலடியில்தான் இருக்கும். நாங்கள் தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்வோம், அவர்கள் வந்து பிடித்துப் போவார்கள்.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்தப் பாம்பு என்று பிடித்துக்கொண்டு வரத் தேவையில்லை. நம் நாட்டு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்தது. அந்த மருந்துக்கு விஷம் எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார், 1978-லிருந்து செய்கிறார்கள்.

"ஹெல்மெட்டுக்குள்ள தேனீ புகுந்துட்டா என்ன பண்றது?"

நாயைவிட இது அதிகம் நடக்கிறது, யாரும் கேட்பதில்லை. ஒரு கல்லூரிப் பெண்தான் கேட்டார், புகுந்த பிறகு. முதல் வேலை ஹெல்மெட்டைப் பிடுங்குவதல்ல. ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, மறு கையைத் தூக்கி, ஆக்ஸிலேட்டரை விட்டு, ஓரம் கட்டி நில்லுங்கள். நின்ற பிறகு வைசரைத் திறந்தால் பாதி நேரம் அதுவே வெளியே போய்விடும். ஒரு கொட்டு வாங்குவது வலிக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கையையும் விடுவது அதைவிட வலிக்கும். கொட்டிய பிறகு மூச்சுத் திணறல், முகம் வீங்குவது என்று ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள், அது மருத்துவமனைக் கேஸ்.

"நைட்டுதானே கூட்டம் இருக்காது, லைட்டும் நல்லா இருக்கு. நைட் ஓட்டறது நல்லதுதானே?"

வெயில் இல்லை என்பது உண்மை. ஆனால் ஐப்பசி மழை விட்ட மாலையில் வாருங்கள், ஈசல் என்றால் என்ன என்று காட்டுகிறேன். புற்றிலிருந்து கிளம்பி விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் புகை மாதிரி மொய்க்கும். அரை மணி நேரத்தில் இறக்கை உதிர்ந்து தரையெல்லாம் பரவும். வைசரில் மோதி நசுங்கினால் கையுறையால் துடைக்காதீர்கள், இழுகி மொத்தமும் மங்கிப்போகும். தரையில் நசுங்கியது வளைவில் எண்ணெய் மாதிரி வழுக்கும். ஒருமுறை மூன்று பேர் ஒரே வளைவில் வரிசையாகச் சுற்றினார்கள், முதலாளி பிரேக் கோளாறு என்று மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஈசல் வந்தால் தவளை வரும், தவளையைத் தேடி எது வரும் என்று மேலே சொல்லிவிட்டேன். அந்த மாதிரி மாலைகளில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருப்பதுதான் சரி. எங்கள் முதலாளிக்கு அது புரிய இரண்டு மழைக்காலம் ஆனது.

"தரையில எண்ணெய், கல்லு, தண்ணி இருந்தா?"

கண்ணில் பட்டால் அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மேலே போகும்போது நேராக உருண்டு போங்கள். வழவழப்பான டயரில் மழை ஓட்டம் வேண்டவே வேண்டாம். மணல்தான் பெரும்பாலும் ஆளை ஏமாற்றும். முன்னால் ஒருவர் ஓரத்தில் இறங்கி ஏறியிருப்பார், அவர் அள்ளிப் போட்ட மண் உங்கள் வளைவில் கிடக்கும். சென்னையில் இருப்பவர்கள் மாஞ்சா நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடைசெய்த பொருள்தான், ஆனாலும் அறுந்து வந்து விழுகிறது. கழுத்து மூடுகிற உடை போடுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

"துப்பட்டாவைக் கழட்டச் சொல்றீங்க, சரி. தலைமுடியையும் ஏன் உள்ள சொருகச் சொல்றீங்க? வெளியில தெரிஞ்சா என்ன?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நாயும் பாம்பும் கதை சொல்ல நன்றாக இருக்கும். வாடகை கார்ட்டில் உயிரை எடுத்தது முடியும் துணியும். 2018-ல் ஹரியானாவின் பிஞ்சோரில் ஒரு பெண், 2020-ல் ஹைதராபாத் புறநகரில் ஓர் இளம்பெண், இருவரும் தலைமுடி கார்ட்டில் சிக்கி இறந்தார்கள். குடும்பத்தோடு சந்தோஷமாக ஓட்ட வந்தவர்கள்.

நான் முன்பு சொன்ன அந்தப் பின்தண்டு உங்கள் முதுகுக்குச் சற்றுப் பின்னால், மூடி சரியாக இல்லாத வண்டியில் திறந்தபடி, நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் முறை சுற்றுகிறது. காற்றில் பறக்கும் ஜடை நுனி அதில் பட்டால் விடுவிக்க நேரமே கிடையாது. ஹெல்மெட்டுக்குக் கீழே ஜடையைத் தொங்கவிட்டு, "டைட்டா பின்னியிருக்கேன் அண்ணா" என்று சொல்பவர்கள் உண்டு. இறுகப் பின்னிய ஜடை இன்னும் மோசம், கயிறு மாதிரி மொத்தமாகச் சுற்றும். முடியை முடிச்சாகக் கட்டித் தலைமூடிக்குள் விட்டு, மேலே ஹெல்மெட்; மிஞ்சியது சட்டைக் காலருக்குள். குடுமி வைத்த பையன்களுக்கும் இதேதான். துப்பட்டா, சேலை முந்தானை, வேட்டி, கழுத்துத் துண்டு, ஐயப்பன் மாலை, ஐடி கார்டு கயிறு எதுவும் தொங்கக் கூடாது. ஒரு அக்கா, சேலையை இழுத்துச் சொருகிக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். இன்னும் என்மேல் வருத்தம்தான்.

"போன் பாக்கெட்லேர்ந்து தடத்துல விழுந்துடுச்சு. ஒரு சுத்து சுத்தி வந்து எடுத்துக்கட்டுமா?"

வேண்டாம். நாய்க்குட்டிக்குச் சொன்ன பதில்தான். விலையுயர்ந்த நாய்க்குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"முன்னாடி போனவர் நாய்க்காக சடக்குனு பிரேக் போட்டார். நான் பின்னாடி போய் இடிச்சுட்டேன். தப்பு யாரு மேல?"

உங்கள் மேல். வருத்தப்படாதீர்கள், பெரும்பாலும் எல்லோரும் இதே பதிலைத்தான் வாங்குகிறார்கள். முன்னால் போவது எதற்காக நின்றாலும் மோதாத தூரத்தில் வர வேண்டியது பின்னால் வருபவர் வேலை. மஞ்சள் கொடி விழுந்திருந்தால் சந்தேகமே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. முன்னால் போனவர் நாயே இல்லாத இடத்தில், நண்பனை மிரட்ட, வேண்டுமென்றே பிரேக் போட்டிருந்தால் அவருக்குக் கறுப்புக் கொடி, அதாவது வெளியே வா என்று அர்த்தம். கேமரா இருந்தால் தெரிந்துவிடும். "நாய் வந்துச்சுண்ணா" என்று சாதிப்பவர்களிடம் நான் நாயின் நிறத்தைக் கேட்பேன். சேர்ந்து வந்த நான்கு பேர் நான்கு நிறம் சொல்வார்கள்.

"நாய் மேல மோதிட்டேன். கேஸ் ஆகுமா?"

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்து இருக்கிறது. அது தண்டிப்பது கொடுமையை. பிரேக் பிடித்தும் நிறுத்த முடியாமல் பட்டுவிட்டதற்கும், ஏற்றிவிட்டுச் சிரிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதைச் செய்தவரை நானே போலீஸில் சொல்வேன். மோதியதும் ஓரம் கட்டிச் சொல்லுங்கள். அடிபட்ட நாயை நீங்கள் தொட வேண்டாம், வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவது டிராக்கின் பொறுப்பு. உள்ளே விட்டது நாங்கள்தானே.

"எல்லா நாயையும் பிடிச்சு எங்கயாவது தூரமா விட்டுட்டா பிரச்சினை தீர்ந்துதே?"

சாக்கில் கட்டி அடுத்த ஊரில் விடுவது சட்டவிரோதம். 2023-ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, உள்ளாட்சி பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்ததை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று சொன்னது. எதுவாக இருந்தாலும் பிடிக்க வேண்டியது உள்ளாட்சி, நாமல்ல.

எங்கள் அனுபவத்தில் வேறொன்று வேலை செய்தது. கருப்பன் என்று ஒரு நாய் வாசலிலேயே இருந்தான். அவனுக்குக் கருத்தடையும் ஊசியும் போட்டு, தினமும் நாலு மணிக்குச் சோறு, டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குப் பின்னால், தடத்துக்கு எதிர்ப்பக்கம். அவன் இருக்கும் வரை வெளிநாய் எதுவும் வேலியைத் தாண்டியதில்லை. வேலிக்குச் செலவழித்ததைவிட இது மலிவு. இதை எல்லா இடத்துக்கும் பொருந்தும் வழி என்று சொல்ல மாட்டேன். கருப்பன் பொறுமைசாலி, எல்லா நாயும் அப்படியில்லை.

"சின்னப் பசங்க உள்ள ஓடி வந்துட்டா?"

ஒன்பது வருடத்தில் ஒருமுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார், அம்மா வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று வயதுக் குழந்தை கயிற்றுக்குக் கீழே நுழைந்து "அப்பா" என்று தடத்துக்குள் நடந்தது. அந்த அப்பாதான் வளைவிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். அவருக்கு என் சிவப்புக் கொடி தெரியவில்லை, குழந்தை தெரிந்தது. நேராகப் பிரேக் பிடித்தார், ஒடிக்கவில்லை. ஏழெட்டு அடி இடைவெளியில் நின்றது. பிறகு அவர் கார்ட்டிலிருந்து எழ முடியாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்போது எங்களிடம் ரிமோட் இல்லை. பிட்டிலிருந்து ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா வண்டியும் மெதுவாகும் வசதி இன்றைக்கு மின்சார கார்ட்களில் சாதாரணம், பெட்ரோல் கார்ட்டிலும் பொருத்தலாம். அடுத்த வாரமே கயிறு போய் இடுப்பளவுக் கம்பித் தடுப்பு வந்தது, ரிமோட் வர இன்னும் ஒரு வருடம் ஆனது. வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு ஒன்று: ஓட்டுபவரைப் படம் பிடிப்பவர் ஒருவர், குழந்தையின் கையைப் பிடிப்பவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது.

"ஒரு டிராக்குக்குள்ள போனதும் இது சரியான இடம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

விளம்பரப் பலகையைப் பார்க்காதீர்கள். ஒரு ஓட்டத்தைச் சும்மா நின்று பாருங்கள். கொடியோடு ஆள் வளைவில் நிற்கிறாரா, இல்லை நிழலில் போன் பார்க்கிறாரா? பின்தண்டுக்கும் எஞ்சினுக்கும் மூடி இருக்கிறதா? முடி கட்டாத பெண்ணை அப்படியே ஏற்றுகிறார்களா? முதல் ஓட்டத்துக்கு முன் யாராவது தடத்தை நடந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். "எதுக்குங்க" என்று திருப்பிக் கேட்டால் வேறு இடம் போங்கள்.

"அந்தக் கருப்பன் இப்பவும் இருக்கானா?"

இருக்கிறான். மூக்கெல்லாம் நரைத்துவிட்டது, ஒரு காது கேட்கவில்லை. எஞ்சின் சத்தத்துக்கு இப்போதெல்லாம் எழுந்திருப்பதில்லை. நாலு மணிக்கு மட்டும் சரியாக எழுந்துவிடுகிறான்.